'அல்லது'

1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சென்னை சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி தந்த பிரிவு அது. அதற்கு முன், 1953-ல், தெய்வானை ஆச்சி வழக்கில் அத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. புரோகிதர் இல்லாமல், மேடையில் மாலை மாற்றி மணம் முடித்தவர்களுக்குத் தங்கள் இல்லறம் சட்டத்தின் கண்ணில் என்ன என்று தெரியாமல் போயிற்று. பிள்ளைகளின் சொத்துரிமையும் அதோடு சேர்ந்து தொங்கியது. 14 ஆண்டுகளுக்குப் பின் வந்த பிரிவு அந்தக் கவலையைச் சில வரிகளில் தீர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் அறிவிக்கலாம்; அல்லது மாலை மாற்றலாம், அல்லது மோதிரம் அணிவிக்கலாம்; அல்லது தாலி கட்டலாம். இவற்றில் எது நடந்தாலும் திருமணம் செல்லும்.

அந்த 'அல்லது' இருக்கும் இடத்தில் 'மற்றும்' என்று எழுதியிருந்தால்? தாலி கட்டாயமாகியிருக்கும். எதற்காகச் சட்டம் வந்ததோ அதையே அது மறுத்திருக்கும். பேரவையில் எத்தனை மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த ஒரு சொல்லின் பிழையைச் சரிசெய்திருக்க முடியாது.

சட்டமியற்றுதல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த 'அல்லது'தான். நம் பள்ளிகளில் மாதிரி சட்டமன்றம், இளையோர் நாடாளுமன்றம் என்ற பெயர்களில் நடப்பவற்றில் பிள்ளைகள் இந்தச் சொல்லை எப்போதாவது சந்திக்கிறார்களா என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

சென்னையை அடுத்த குமணன்சாவடியை எடுத்துக்கொள்வோம். மவுண்ட்-பூந்தமல்லி சாலையிலிருந்து மாங்காடு, குன்றத்தூர் செல்லும் சாலை பிரியும் இடம். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கி.மீ. நீளும் மெட்ரோ வழித்தடத்தில் இந்த ஊரின் பெயரிலேயே ஒரு நிலையம் உண்டு. தொகுதி, பூந்தமல்லி தனித் தொகுதி. பூந்தமல்லிக்குச் சட்டத்தோடு பழைய உறவும் இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தடா நீதிமன்றம் பூந்தமல்லியில்தான் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று அது 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 4 பேருக்கு மட்டுமே அந்தத் தண்டனையை உறுதிசெய்தது. சட்டத்தின் கடைசிக் கட்டமான தண்டனையை நாடே பார்த்த இடம் இது. சட்டத்தின் முதல் கட்டமான எழுத்தை இங்கு வளரும் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

மாதிரி நாடாளுமன்றம் இந்தியாவில் புதிய எண்ணமல்ல. 1962-ல் பம்பாயில் கூடிய நான்காவது அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு, கல்வி நிலையங்களில் இதை ஊக்குவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கட்சிக்காரர்களை அவைக்கு வரவழைத்து வாக்களிக்க வைப்பது கொறடாவின் வேலை. அவர்கள் கூடிய கூட்டத்திலிருந்து இப்படியொரு பரிந்துரை வந்ததை நான் மதிப்போடு பார்க்கிறேன். நாடாளுமன்ற விவகார அமைச்சகம் 1966-ல் தில்லிப் பள்ளிகளில் இளையோர் நாடாளுமன்றப் போட்டியைத் தொடங்கியது. 1988-ல் கேந்திரிய வித்யாலயாக்கள் சேர்ந்தன. நவோதயா பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் 1997-98 வாக்கில் சேர்ந்தன. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளையும் விமானப்படை நிலையத்தையும் ஒட்டியிருக்கும் கேந்திரிய வித்யாலயாக்கள் இந்த வரிசையில் வருபவை. பூந்தமல்லி, குமணன்சாவடி வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளுக்கும் தனியார் பள்ளிகளுக்கும் கதவு திறந்தது பிற்பாடுதான். 2019 நவம்பர் 26, அரசமைப்புச் சட்ட நாளன்று, இத்திட்டத்துக்கான இணையதளத்தைக் குடியரசுத் தலைவர் தொடங்கிவைத்தார். அதில் 9 முதல் 12 வரை படிப்போருக்கு 'கிஷோர் சபா', கல்லூரி மாணவருக்கு 'தருண் சபா' என்று இரு பிரிவுகள்.

இனி, அரங்கில் நடப்பது. மேடையில் உயர்ந்த நாற்காலியில் அவைத்தலைவர். வலப்பக்கம் ஆளுங்கட்சி, இடப்பக்கம் எதிர்க்கட்சி. பதவிப் பிரமாணம், இரங்கல் தீர்மானம், கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, அவையில் ஏடுகளை வைத்தல், பிறகு ஒரு மசோதா. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். ஒழுங்கு, நடைமுறை தவறாமை, கேள்வி பதிலின் தரம், பேச்சின் தரம் ஆகியவற்றுக்கு நடுவர்கள் மதிப்பெண் இடுவார்கள். தமிழ் மேடை மரபு நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும். பட்டிமன்றத்திலும் இலக்கிய மன்றத்திலும் நின்று பழகிய குரல் இங்கே கணீரென்று ஒலிக்கும். நேரம் குறைவு, பரிசு உண்டு என்பதால் பெரும்பாலும் வசனத்தை ஆசிரியர் எழுதிக் கொடுப்பார். துணைக் கேள்வி கேட்கும் மாணவிக்கு அமைச்சரின் பதில் ஒரு வாரம் முன்பே தெரியும். வெளிநடப்பும் ஒத்திகை பார்த்ததாகவே இருக்கும். கடைசியில் குரல் வாக்கெடுப்பு. 'ஆம் என்போர்' பக்கத்தில் சத்தம் பெரிது. மசோதா நிறைவேறியது, கைத்தட்டல், தேநீர்.

இதை நான் குறைத்துப் பேசவில்லை. ஒலிவாங்கி முன் நிற்கக் கூசும் பெண்பிள்ளை ஒருத்தி 'மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே' என்று தொடங்கி மூன்று நிமிடம் பேசி முடிக்கிறாள் என்றால் அது அவள் வாழ்க்கைக்குப் பெறும் பலம். ஒரு நாள் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்து பார்த்த பையனுக்கு, தோற்ற பக்கத்துக்கும் அவையில் இடம் உண்டு என்பது உடம்பிலேயே பதியும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் மசோதாவின் வாசகத்தை யாரும் தொடுவதில்லை. அதன் தலைப்பு வாசிக்கப்படுகிறது, நோக்கம் புகழப்படுகிறது, எதிர்க்கட்சி குறை சொல்கிறது. 3-வது பிரிவின் இரண்டாவது வரியில் உள்ள சொல்லை மாற்ற வேண்டும் என்று ஒரு திருத்தம்கூட வருவதில்லை. பிள்ளைகள் கற்றுக்கொள்வது சபை நடத்துவதை. சட்டம் செய்வதை அவர்கள் கற்றுக்கொள்ளாமலே வீடு திரும்புகிறார்கள்.

மூலத்திலேயே நிலை இப்படித்தான் இருக்கிறது என்று ஒருவர் சொல்லலாம். அதுவும் உண்மைதான். 15-வது மக்களவைக் காலத்தில் 71 சதவீத மசோதாக்கள் நாடாளுமன்றக் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 17-வது மக்களவையில் அது 16 சதவீதமாகச் சரிந்தது. அந்த அவை ஐந்தாண்டில் கூடியது 274 நாட்கள் மட்டுமே. குழு என்பது மேடை இல்லாத இடம். அங்கேதான் ஒரு மசோதா வரி வரியாகப் படிக்கப்படும், பாதிக்கப்படுவோர் வந்து பேசுவார்கள், அதிகாரிகள் பதில் சொல்வார்கள். அந்த அறை ஒளிபரப்பில் வருவதில்லை. தமிழ்நாட்டுப் பேரவையின் கேள்வி நேரத்தை 2022 முதல் நேரலையில் பார்க்க முடிகிறது. பிள்ளைகளின் கண்ணுக்குக் கிடைக்கும் சட்டமன்றம் கேள்வி நேரமும் அமளியும்தான். கண்டதைத்தானே நடித்துக்காட்டுவார்கள்? பெரியவர்களின் சபையில் தேய்ந்துபோனதைப் பிள்ளைகளின் சபையிலாவது காப்பாற்றிவைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அது எப்படி இருக்கும் என்று குமணன்சாவடியிலேயே வைத்துப் பார்க்கலாம்.

காலை எட்டரை மணிக்கு இந்தச் சந்திப்பில் சாலையைக் கடக்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் முதல் மசோதா தயார்: 'பள்ளி நேரத்தில் லாரிகள் குமணன்சாவடி வழியாகச் செல்லக் கூடாது.' நல்ல நோக்கம். இப்போது இந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, கேள்விகளை அவிழ்த்துவிட வேண்டும். லாரி என்றால் எது? டிப்பர் லாரி சரி, தண்ணீர் லாரி? கோடையில் அது வராவிட்டால் அடுக்ககங்களில் குழாய் காய்ந்துவிடும். பால் வண்டி? குப்பை வண்டி? தீயணைப்பு வண்டிக்கு விலக்கு எங்கே எழுதியிருக்கிறது? பள்ளி நேரம் என்றால் எந்தப் பள்ளியின் நேரம்? சனிக்கிழமை சிறப்பு வகுப்பு கணக்கில் வருமா? மீறினால் அபராதம் ஓட்டுநருக்கா, வண்டி உரிமையாளருக்கா? இந்த இடத்தில் வகுப்பின் பின்வரிசையிலிருந்து ஒரு கை உயரக்கூடும். லாரி ஓட்டுநரின் பிள்ளை இல்லாத வகுப்பு இந்த வட்டாரத்தில் அரிது. 'எங்கப்பா ராத்திரி முழுக்க ஓட்டிட்டு வர்றாரு. காலையில ரோட்டோரம் மூணு மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொன்னா, அந்த நேரத்துக்குக் கூலி யாரு குடுப்பா?' என்று அந்தப் பிள்ளை கேட்டால், அதுதான் உண்மையான எதிர்க்கட்சி. அந்தக் கேள்விக்கு எழுதிவைத்த பதில் கிடையாது. மசோதாவில் ஒரு புது உட்பிரிவு எழுதினால்தான் பதில் கிடைக்கும்.

இதற்கு அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. இதற்குச் சட்டமே தேவையா என்று தேடச் சொல்ல வேண்டும். தேடினால் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவு கிடைக்கும். பொதுப் பாதுகாப்பு கருதி ஒரு குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வாகனங்களைத் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கும் அது அதிகாரமளித்த அலுவலர்களுக்கும் ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் தடை என்றால் அரசிதழில் வெளியாக வேண்டும். ஆக, இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது சட்டமன்றம் அல்ல. 2022-ல் தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்துக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் நன்றாக எழுதப்பட்ட ஒரு மனு போதும். எதற்குச் சட்டம் வேண்டும், எதற்கு விதி போதும், எதற்கு ஓர் உத்தரவே போதும் என்று பிரித்தறிவது சட்டமியற்றும் கல்வியின் பாதி.

எதற்குத்தான் சட்டம் வேண்டும் என்று கேட்டால், மாணவர்கள் தங்கள் வீட்டு மாடியை அண்ணாந்து பார்க்கலாம். மாடியிலிருந்து இறங்கித் தரைக்குள் போகும் மழைநீர்க் குழாய் 2003-ல் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் வந்தது. ஒவ்வொரு வீட்டு உரிமையாளரின் மீதும் ஒரு கடமையைச் சுமத்துவதற்குக் காவல் ஆணையரின் உத்தரவு போதாது. செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில் இருக்கும் ஊரில் இந்தக் குழாயைப் போல ஒரு பாடப்புத்தகம் வேறு கிடைக்காது.

தமிழ்நாட்டு இளைஞர்களுக்குச் சட்ட வகைகளின் வேறுபாடு ஒருமுறை தெருவிலேயே புரிந்தது. ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து 2017 ஜனவரி 17 முதல் மெரினாவில் கூடியவர்களில் பெரும்பங்கினர் மாணவர்கள். ஜல்லிக்கட்டுக்காக ஜனவரி 21-ல் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. கூட்டம் கலையவில்லை. 'நிரந்தரச் சட்டம் வேண்டும்' என்றார்கள். அவசரச் சட்டம் பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரத்தில் காலாவதியாகும் என்ற செய்தி கடற்கரை மணலில் வாய்மொழியாகப் பரவியது. 213-வது உறுப்பை எந்த ஆசிரியரும் அவர்களுக்கு அவ்வளவு வேகமாகக் கற்பித்திருக்க முடியாது. ஜனவரி 23-ல் பேரவை சட்ட முன்வடிவை நிறைவேற்றியது. அதே நாளில்தான் காவல் துறை மெரினாவிலிருந்து அவர்களை அப்புறப்படுத்தியது. விலங்கு வதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் இருப்பதால், மத்தியச் சட்டத்துக்கு மாறான மாநிலத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்பட்டது. அது ஜனவரி 31-ல் வந்தது. பிறகு வழக்கு. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சட்டத்தை உறுதிசெய்தது. அன்று கடற்கரையில் நின்ற 17 வயது மாணவருக்கு இறுதித் தீர்ப்பு வந்தபோது வயது 23. மாதிரி சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியதும் ஒலிக்கும் கைத்தட்டல், உண்மையில் பாதி வழியில்தான் ஒலிக்கிறது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமான சட்டம் ஒன்று உண்டு. மருத்துவப் படிப்பில் அவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் முன்வடிவைப் பேரவை 2020 செப்டம்பர் 15-ல் நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமாக, கலந்தாய்வு நெருங்க, அக்டோபர் 29-ல் அரசாணையாகவே அதை அரசு வெளியிட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. மசோதா, அரசாணை, ஒப்புதல் மூன்றையும் ஒரே கதையில் காட்டுவதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆளுநர் நிறுத்திவைத்த 10 முன்வடிவுகள் தொடர்பாகத் தமிழ்நாடு தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரலில் வந்த தீர்ப்பையும், அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் குடியரசுத் தலைவருக்கு அளித்த மாறுபட்ட கருத்துரையையும் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தாராளமாக விவாதிக்கலாம். ஆளுநர் வேடத்துக்கும் ஒரு மாணவரை நிறுத்துங்கள். முன்வடிவைத் திருப்பி அனுப்ப அவருக்கு உரிமை கொடுங்கள். காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

நம் நாட்டில் வேறொரு மரபும் வேர்விட்டிருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் அருட்தந்தை எட்வின் ஜான் முன்னெடுத்த அக்கம்பக்கக் குழந்தைகள் நாடாளுமன்றங்கள், ஏறத்தாழ 30 வீடுகளுக்கு ஒன்று என்ற சிறிய அளவில் பிள்ளைகளைக் கூட்டுகின்றன. ராஜஸ்தானின் திலோனியாவில் இரவுப் பள்ளிப் பிள்ளைகளின் நாடாளுமன்றம் 1993 முதல் நடந்துவருகிறது; தேர்தலும் உண்டு, அமைச்சர்களும் உண்டு. இங்கெல்லாம் பிள்ளைகள் தெருவிளக்கையும் குடிநீரையும் பள்ளிக்கு வராத ஆசிரியரையும் கவனிக்கிறார்கள். அது நிஜமான அதிகாரம். போட்டி மேடையின் நாடகத்தன்மை அங்கே இல்லை. ஆனாலும் அவர்கள் செய்வது பெரும்பாலும் நிர்வாகம். விதியை எழுதுவது அங்கும் ஓரத்தில்தான் நிற்கிறது.

எழுதுவதை நடுவில் வைத்த முயற்சி என்று பார்த்தால் அமெரிக்காவைச் சொல்ல வேண்டும். 1936-ல் நியூயார்க் மாநிலத்தின் தலைநகர் ஆல்பனியில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியரான கிளமென்ட் டுரான் தொடங்கிய மாதிரி சட்டமன்றம் பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. மாணவர்கள் தாங்களே மசோதா எழுதிக்கொண்டு வருகிறார்கள். அது முதலில் குழுவுக்குப் போகிறது, பிறகு அவைக்கு, கடைசியாக மாணவ ஆளுநரிடம். குழுவிலேயே செத்துப்போகும் மசோதாக்கள் பல. தன் மசோதா தோற்பதைப் பார்த்த மாணவருக்கு அடுத்த ஆண்டு அதை எப்படித் திருத்தி எழுதுவது என்று தெரியும்.

நமக்கும் அப்படிப்பட்ட பொறுமைக்கு முன்மாதிரிகள் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னை சட்ட மேலவையில் தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். முறையை முழுமையாகத் தடை செய்த சட்டம் 1947-ல்தான் வந்தது. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகளுக்கான தனிநபர் மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24-ல் நிறைவேற்றியது. தனிநபர் மசோதா ஒன்றை ஓர் அவை நிறைவேற்றுவது பல பத்தாண்டுகளாக நடந்திராத ஒன்று. அது அப்படியே சட்டமாகவில்லை. அரசு தனியாக ஒரு மசோதா கொண்டுவந்து 2019-ல் நிறைவேற்றியது. அரசின் சட்டத்தில் எந்த வரி சிவாவின் மசோதாவிலிருந்து வேறுபட்டது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஒரு முழு மாத வகுப்புக்குப் போதுமான வேலை.

பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உடையோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்று இருக்கிறது. இந்த வட்டாரத்தில் உண்மையான மாதிரி சட்டமன்றம் கூட வேண்டும் என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பற்றிய அமர்வு அந்த மாணவர்கள் இல்லாமல் கூடக் கூடாது. 1995-ம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016-ம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது, அரசு வேலையில் ஒதுக்கீட்டை 3-லிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. மெட்ரோ நிலைய வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை உள்ள நடைபாதையில் அந்தச் சட்டம் எங்கே நிற்கிறது என்று ஒரு குழு விசாரணை நடத்தினால், சாட்சி சொல்ல அவர்களைவிடத் தகுதியானவர் யார்?

வயதுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 61-வது அரசமைப்புத் திருத்தத்தால் 1989 முதல் வாக்களிக்கும் வயது 18. உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 21, சட்டமன்றத்துக்கு நிற்க 25. இன்று பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் 16 வயது மாணவி ஐந்தே ஆண்டில் பூந்தமல்லி நகர்மன்ற உறுப்பினராக முடியும். அந்த நகர்மன்றத்தை ஆளும் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 1998-ல் நிறைவேறியது. இடையில் நிறுத்திவைக்கப்பட்டு, விதிகள் எழுதப்பட்டு, 2023-ல்தான் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவளாக அவள் அந்த நாற்காலிக்குப் போக வேண்டும்.

7-ஏ பிரிவின் கதை 1968-ல் அது நடைமுறைக்கு வந்ததோடு முடியவில்லை. வழக்கறிஞர் அறையில் நடக்கும் திருமணம் செல்லுமா என்ற கேள்வி எழுந்தபோது, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மீண்டும் அந்த வரிகளையே படித்தது. ஊரறிய விழா எடுக்க வேண்டும் என்று பிரிவு சொல்லவில்லை, அதனால் அது தேவையில்லை என்றது. 1967-ல் எழுதியவர்கள் சேர்க்காமல் விட்ட ஒரு நிபந்தனை, 56 ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு பேரைக் காத்தது.

குமணன்சாவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிகளின் சமூக அறிவியல் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாதிரி சட்டமன்றம் நடத்தும்போது வசனத் தாளைக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே வெற்றுத் தாளைக் கொடுங்கள். ஐந்து பேர் கொண்ட குழு ஒவ்வொன்றும் ஐந்து பிரிவுகள் கொண்ட ஒரு முன்வடிவை எழுதட்டும். ஒவ்வொரு குழுவும் மற்றொரு குழுவின் முன்வடிவுக்குக் குறைந்தது மூன்று திருத்தம் கொண்டுவரட்டும். திருத்தத்துக்கும் மதிப்பெண் போடுங்கள்.